நான்கு கைனேஸ்களில் எதைப் பிடிப்பது? இதயத்தில் ரத்தம் நின்று திரும்பும்போது நடப்பவை

எலியின் இதயம் ஒரு கட்டைவிரல் நுனி அளவுதான் இருக்கும். அதன் இடது முன்னிறங்கு தமனியை நூலால் கட்டி அரை மணி நேரம் கழித்து அவிழ்க்கிறோம். இரண்டு மணி நேரம் ரத்தம் ஓடவிட்டு, அதே இடத்தில் மறுபடி முடிச்சுப் போட்டு நீலச் சாயம் ஏற்றுகிறோம். பிறகு இதயத்தை வெளியே எடுத்து, இரண்டு மில்லிமீட்டர் தடிப்பில் வில்லைகளாக நறுக்கி, டிடிசி என்ற உப்புக் கரைசலில் 37 டிகிரி சூட்டில் ஊறப் போடுகிறோம். கால் மணி நேரத்தில் வில்லையில் மூன்று நிறங்கள் பிரிந்து நிற்கும். நீலப் பகுதிக்கு ஒருபோதும் ரத்தம் நின்றதில்லை. செங்கல் சிவப்புப் பகுதி ரத்தம் நின்றும் பிழைத்துக்கொண்டது. அதில் உள்ள நொதிகள் இன்னும் உயிரோடு இருப்பதால்தான் கரைசலைச் சிவப்பாக்குகின்றன. வெளிறிக் கிடப்பது செத்த தசை.

வெளிறிய பரப்பு, ரத்தம் நின்ற மொத்தப் பரப்பில் எத்தனை சதவீதம் என்ற ஒரே எண்ணைக் குறைப்பதற்காகத்தான் ஐம்பது அறுபது ஆண்டுகளாக இந்தத் துறை பாடுபடுகிறது. புதிதாக ஆய்வுக்கு வருபவர்கள் கேட்கும் முதல் கேள்வியும் இதிலிருந்துதான் வருகிறது: "எந்த நொதியைப் பிடிச்சா இந்த வெள்ளை குறையும்?" மற்ற புரதங்களின் மேல் பாஸ்பேட் முத்திரை குத்தி அவற்றின் வேலையை மாற்றும் நொதிகளுக்குக் கைனேஸ் என்று பெயர். மனித மரபணுத் தொகுதியில் கைனேஸ் நொதிகள் மட்டும் ஐந்நூறுக்கு மேல். மூன்று நான்கு ஆண்டுகளை ஒரு நொதிக்கு எழுதி வைக்கப் போகிறவருக்கு அது சின்னத் தேர்வு இல்லை. இந்தத் துறையில் திரும்பத் திரும்ப அடிபடும் நான்கு பெயர்களைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்: பிகேசி, பி38, ஆக்ட்-ஜிஎஸ்கே தொடர், கேம்கே-2.

அதற்கு முன் ஒன்று சொல்லிவிடுகிறேன். "எந்த நொதி கெட்டது" என்று கேட்டு இந்தத் தேர்வைச் செய்ய முடியாது. "எந்த நிமிடத்தில் கெட்டது, அந்த நிமிடத்தில் மருந்தோடு நாம் அங்கே இருக்க முடியுமா" என்று கேட்டால் நான்கில் இரண்டு உடனே பின்னுக்குப் போய்விடும்.

கடிகாரத்தை முதலில் பார்ப்போம். ரத்தம் நின்றதும் ஆக்சிஜன் இல்லை, செல்லின் எரிபொருளான ஏடிபி சரிகிறது, லாக்டிக் அமிலம் சேர்ந்து செல்லுக்குள் புளிப்பு ஏறுகிறது. புளிப்பை வெளியேற்ற செல் ஹைட்ரஜன் அயனியைத் தள்ளி சோடியத்தை உள்ளே வாங்குகிறது. சோடியம் மிஞ்சினதும், வழக்கமாகக் கால்சியத்தை வெளியே தள்ளும் பரிமாற்றி தலைகீழாக ஓடி கால்சியத்தை உள்ளே கொண்டுவருகிறது. இவ்வளவு கெட்டுப் போயும் ஒரு கதவு மட்டும் மூடியே இருக்கிறது. செல்லுக்கு ஏடிபி தயாரித்துத் தரும் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வில் திறக்கக்கூடிய பெருந்துளை அது. புளிப்புதான் அதை மூடி வைத்திருக்கிறது. ரத்தம் திரும்பினதும் சில நிமிடங்களுக்குள் புளிப்பு வடிந்துவிடும், ஆக்சிஜன் வந்ததும் தீவிர ஆக்சிஜன் மூலக்கூறுகள் வெடித்துக் கிளம்பும், கால்சியம் ஏற்கெனவே நிரம்பி நிற்கிறது. கதவு திறக்கிறது, செல் சாகிறது. உயிர் தர வந்த ரத்தமே கொஞ்சம் கொன்றுவிட்டும் போகிறது என்பதை ராபர்ட் ஜென்னிங்ஸ் குழு 1960-லேயே நாய் இதயத்தில் கவனித்துவிட்டது. இந்தக் கட்டத்துக்கு மறுபாய்ச்சல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

ஆக மூன்று கட்டங்கள்: தடைக்கு முன், தடையின்போது, மறுபாய்ச்சலின் முதல் சில நிமிடங்கள். மாரடைப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாததால் முதல் கட்டத்தில் மருந்து கொடுக்க வாய்ப்பில்லை. இரண்டாவது கட்டத்தில் நோயாளி வீட்டிலோ வண்டியிலோ இருப்பார். அடைத்த குழாய் வழியாக மருந்தும் போகாது. மூன்றாவது கட்டம்தான் மருத்துவர் கையில் இருக்கிறது, ஏனென்றால் பலூனை ஊதிக் குழாயைத் திறக்கப் போகும் அந்த நொடி அவருக்குத் தெரியும். பைபாஸ் அறுவை, இதய மாற்று அறுவை இரண்டும் தனி வகை. அங்கே ரத்தத்தை நிறுத்தப் போவது நாமே, அதனால் முதல் கட்டமும் நம் கையில்தான்.

பிகேசி: ஒரே வீட்டில் இரண்டு குணம்

நான்கில் கதை அதிகம் உள்ளது பிகேசிக்குத்தான், அதனால் இங்கே கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

1986-ல் மரி, ஜென்னிங்ஸ், ரைமர் மூவரும் ஒரு விசித்திரமான முடிவை வெளியிட்டார்கள். நாய் இதயத்தில் ஐந்து நிமிடம் ரத்தத்தை நிறுத்தி ஐந்து நிமிடம் விட, இப்படி நான்கு முறை செய்தார்கள். அப்புறம் 40 நிமிடம் நிறுத்தினார்கள். கூடுதலாகத் தொல்லை கொடுத்த இதயத்தில் சேதம் கூடியிருக்க வேண்டும். ஆனால் செத்த தசையின் அளவு, தொல்லை கொடுக்காத இதயத்தோடு ஒப்பிட்டால் கால்வாசியாகக் குறைந்திருந்தது. இதயத்தை முன்கூட்டியே பழக்கும் இந்த வித்தைக்கு ப்ரீகண்டிஷனிங் என்று பெயர். அதே கட்டுரையில் பலர் மறந்துவிடும் இன்னொரு முடிவும் இருக்கிறது: தடையை 40 நிமிடத்துக்குப் பதில் மூன்று மணி நேரமாக நீட்டினபோது அந்தப் பாதுகாப்பு காணாமல் போயிற்று. சாவைத் தள்ளிப் போடலாம், தடுத்துவிட முடியாது.

எது இதைச் செய்கிறது என்று தேடினபோது 1994-ல் முயல் இதயத்தில் பிகேசி சிக்கியது. பிகேசியை மருந்தால் தடுத்தால் பழக்கின இதயமும் பழக்காத இதயம் போலவே சேதமடைந்தது. சரி, பிகேசியைத் தூண்டினால் போதுமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். பிகேசி என்பது ஒரு நொதி இல்லை, பத்துக்கு அருகில் உறுப்பினர்கள் உள்ள குடும்பம். ஸ்டான்ஃபோர்டில் டாரியா மோக்லி-ரோசன் குழு ஒவ்வொரு உறுப்பினரும் செல்லுக்குள் எந்த இடத்தில் போய் ஒட்டுகிறது என்பதை வைத்து, அந்த ஒட்டுதலை மட்டும் கெடுக்கும் அல்லது கூட்டும் பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துண்டுகளைச் செய்தது. 2001-ல் வந்த முடிவு தெளிவாக இருந்தது. எப்சிலான் உறுப்பினரைத் தடைக்கு முன் தூண்டினால் இதயம் பிழைக்கிறது. டெல்டா உறுப்பினரைத் தடுத்தால் இதயம் பிழைக்கிறது. இரண்டும் ஒரே உட்பிரிவைச் சேர்ந்தவை, இரண்டையும் கிளப்பிவிடும் கொழுப்பு மூலக்கூறும் ஒன்றுதான். ஒன்று காக்கிறது, மற்றது கொல்கிறது.

காரணமும் பிறகு ஓரளவு புரிந்தது. எப்சிலான் போய்த் தட்டுகிற இடங்களில் ஒன்று மைட்டோகாண்ட்ரியாவில் உள்ள ஏஎல்டிஎச்-2. கொழுப்பு கெட்டுப்போய் உண்டாகும் நச்சு ஆல்டிஹைடுகளைக் கழுவுவது அதன் வேலை. மதுவில் இருந்து வரும் ஆல்டிஹைடையும் அதுதான் கழுவுகிறது. கிழக்காசியர்களில் ஏறக்குறைய 40 சதவீதம் பேருக்கு மது குடித்ததும் முகம் சிவப்பது இந்த நொதி மந்தமாக இருப்பதால்தான். டெல்டாவோ மறுபாய்ச்சல் தொடங்கினதும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு ஓடுகிறது, அங்கே சர்க்கரையிலிருந்து வரும் பைருவேட் எரிவதை மறித்து, ஏடிபி மீண்டு வருவதைத் தாமதமாக்குகிறது.

கடிகாரத்தோடு ஒப்பிட்டால் தேர்வு எளிது. எப்சிலானைத் தடைக்கு முன்பே தூண்ட வேண்டும், ஆகவே மாரடைப்புக்கு உதவாது. திட்டமிட்ட அறுவைக்கு வேண்டுமானால் யோசிக்கலாம். டெல்டாவை மறுபாய்ச்சலின்போது தடுத்தால் போதும். பன்றியில்கூட அது வேலை செய்தது. நோயாளிகளிடம் போவதற்கு இதைவிடத் தகுதியான நொதி அப்போது இல்லை என்றே சொல்வேன்.

போனது. டெல்டா தடுப்பான் பெப்டைடை இதயத் தமனிக்குள் நேராகச் செலுத்திப் பார்த்த முதல் சிறு ஆய்வு 2008-ல் வந்தது. சுமார் 150 நோயாளிகள். பாதுகாப்பு பற்றிக் கவலை இல்லை, நன்மைக்குச் சில அறிகுறிகள். அடுத்து, சிரை வழியாகக் கொடுத்து ஆயிரம் பேருக்கு மேல் சோதித்த ப்ரொடெக்‌ஷன் ஏஎம்ஐ ஆய்வு 2014-ல் வெளிவந்தது. ரத்தத்தில் கசிந்த இதய நொதியின் அளவு மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் ஒன்றாகவே இருந்தது.

தோற்றது நொதியா, மருந்தா? எனக்கு இன்னும் நொதியைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. பெப்டைடுகள் ரத்தத்தில் சீக்கிரம் சிதைபவை. இரண்டு ஆய்வுகளுக்கும் இடையில் மருந்து போன வழியே மாறிவிட்டது. செலுத்தின மருந்து தசை செல்லுக்குள் போய் டெல்டாவை உண்மையிலேயே தடுத்ததா என்பதை நோயாளியின் இதயத்தில் அளந்து பார்க்க வழியும் இல்லை. ஆனால் இவை வக்கீல் வாதங்கள். மேசையில் இருக்கும் முடிவு பூஜ்யம்தான்.

பி38: எல்லோருக்கும் தெரிந்த பெயர், தவறான கேள்வி

பி38 நெருக்கடிக்கு ஆளான செல்லில் கிளம்பும் கைனேஸ். வெப்பம், நச்சு, அழற்சி என்று எதற்கும் இது கிளம்பும். ரத்தம் நின்ற இதயத்திலும் கிளம்பும். அதில் ஆல்பா வகைதான் முக்கியம். லண்டனில் மைக்கேல் மார்பர் குழு காட்டின ஒரு விஷயம் அழகானது: தடையின்போது பி38 வழக்கமான மேலதிகாரி கைனேஸ் வந்து முத்திரை குத்தும்வரை காத்திருப்பதில்லை. டேப்-1 என்ற துணைப் புரதம் வந்து ஒட்டிக்கொண்டால் தனக்குத் தானே பாஸ்பேட் முத்திரை குத்திக்கொள்கிறது. இந்த ஒட்டுதலை மட்டும் கெடுக்க முடிந்தால், உடலின் மற்ற இடங்களில் பி38 செய்யும் நல்ல வேலைகளைத் தொடாமல் இதயத்தில் மட்டும் அதை அடக்கலாம்.

அந்த எண்ணம் எனக்குப் பிடிக்கும். ஆனால் துறையின் பெரும்பகுதி அந்த வழியில் போகவில்லை. எஸ்பி203580 என்ற தடுப்பானை வாங்கி ஊற்றுவதுதான் வழக்கம். அளவு கூடினால் அது வேறு சில கைனேஸ்களையும் தடுக்கும். விளைவு, ஒரே கேள்விக்கு எதிரெதிர் பதில்கள். பி38-ஐத் தடுத்தால் சேதம் குறைகிறது என்று ஒரு குவியல் கட்டுரைகள்; தடுத்தால் ப்ரீகண்டிஷனிங்கின் பலன் போய்விடுகிறது என்று இன்னொரு குவியல். பழக்கும்போது வரும் சிறு அலை நல்லது, நீண்ட தடையில் எழும் பெரிய அலை கெட்டது என்று இரண்டையும் சமாதானப்படுத்துகிறார்கள். இருக்கலாம். ஆனால் மருந்து கொடுப்பவருக்கு அந்தச் சமாதானத்தால் பயன் குறைவு.

நோயாளிகளிடம் லாஸ்மாபிமோட் என்ற பி38 தடுப்பானை லாட்டிட்யூட் என்ற ஆய்வு சோதித்தது. மாரடைப்போடு வந்த 3,503 பேருக்கு 12 வாரம் மாத்திரை. 2016-ல் முடிவு வந்தது. மரணம், மறு மாரடைப்பு, அவசரமாகக் குழாய் திறக்க வேண்டிய நிலை ஆகியவை சேர்ந்த கணக்கில் வித்தியாசம் இல்லை. இங்கே கவனிக்க வேண்டியது, அந்த ஆய்வு கேட்டது நம் கேள்வியே இல்லை. அது தணிக்க நினைத்தது வாரக்கணக்கில் நீளும் அழற்சியை. முதல் பத்து நிமிடச் சாவைப் பற்றி அது எதையும் சொல்லவில்லை. இருந்தாலும் பி38 என்றதும் "அதுதான் தோத்துப் போச்சே" என்று சொல்பவர்கள் உண்டு. மூட்டுவாதத்துக்கு முயன்ற சில பி38 தடுப்பான்கள் கல்லீரலைத் தொல்லைப்படுத்தின கதையும் சேர்ந்துகொள்ள, நிதி கேட்டுப் போகிறவர் பாடு திண்டாட்டம்தான்.

ஒரு நடைமுறை விஷயம். உடலிலிருந்து பிரித்துத் தொங்கவிட்ட இதயத்தில் பி38-ஐ ஆராய்வது பாதிக் கண்ணோடு பார்ப்பது மாதிரி. ஆஸ்கார் லாங்கென்டார்ஃப் 1895-ல் தொடங்கி வைத்த அந்த முறையில் பெருந்தமனி வழியாக ஓடுவது உப்புக் கரைசல். வெள்ளணுக்களும் தட்டணுக்களும் இல்லை. பி38-இன் வேலையில் பாதி அவற்றுக்குள்தான் நடக்கிறது.

ஆக்ட், ஜிஎஸ்கே-3 பீட்டா: நல்ல அளவுகோல், மோசமான இலக்கு

லண்டனில் டெரெக் யெலன் குழு முன்வைத்தது இந்தத் தொடர். மறுபாய்ச்சலின் தொடக்கத்தில் ஆக்ட், எர்க் என்ற இரு கைனேஸ்களைத் தூண்டினால் அவை கீழே ஜிஎஸ்கே-3 பீட்டாவுக்கு முத்திரை குத்தி அதை முடக்குகின்றன. அது முடங்கினால் மைட்டோகாண்ட்ரியாவின் கதவு எளிதில் திறக்காது. கடைசிப் படியை 2004-ல் ஸ்டீவன் சொலாட் குழு தனித்தனி செல்களில் காட்டியது. ஜிஎஸ்கே-யின் சிறப்பு, முத்திரை விழுந்தால் வேலை நின்றுவிடும் என்பது. பல நொதிகளில் முத்திரைதான் வேலையைத் தொடங்கி வைக்கும். புதிதாகப் பரிசோதனைப் படம் பார்க்கிறவர்கள் இதைத் தலைகீழாக வாசித்துவிடுவது சாதாரணம். நானும் ஒரு தடவை வாசித்திருக்கிறேன், மூன்று வாரம் போனது.

காகிதத்தில் இது மிக அழகான தொடர். இன்சுலின், அடினோசின், சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்ட்டின் என்று வெவ்வேறு பொருள்கள் எல்லாம் கடைசியில் இதே வாசலுக்கு வருகின்றன. ஆனால் தோண்டினால் ஓட்டை. முத்திரை விழ முடியாதபடி ஜிஎஸ்கே-யின் ஒன்பதாவது இடத்தில் செரின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் அலனினை வைத்த எலிகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு குழு, அந்த எலிகளில் மறுபாய்ச்சல் கட்டத்துப் பாதுகாப்பு வேலை செய்யவில்லை என்றது. அதே 2008-ல் இன்னொரு குழு, அதே வகை மாற்றம் உள்ள எலிகளில் ப்ரீகண்டிஷனிங் நன்றாகவே வேலை செய்கிறது என்றது. பன்றிக்குப் போனால் கதை இன்னும் மாறுகிறது. எஸ்ஸனில் கெர்ட் ஹாய்ஷ் குழு பார்த்தபோது, மறுபாய்ச்சலின் தொடக்கத்தில் ரத்தத்தை நிறுத்தி நிறுத்தி அனுமதித்துப் பெற்ற பாதுகாப்புக்கும் ஆக்ட், எர்க் தூண்டலுக்கும் சம்பந்தம் தென்படவில்லை. ஸ்டாட்-3 என்ற வேறு புரதம் முன்னுக்கு வந்தது. மனித இதயத் துண்டுகளில் பார்த்தபோது ஸ்டாட்-5. எலிக்கு ஒன்று, பன்றிக்கு ஒன்று, மனிதனுக்கு ஒன்று.

நோயாளிகளிடமும் அப்படித்தான். எரித்ரோபொய்ட்டினை ஊசியாகப் போட்டுப் பார்த்த ரிவீல் ஆய்வு 2011-ல் வந்தது. செத்த தசை குறையவில்லை. மேற்கையில் பட்டையை ஐந்து நிமிடம் இறுக்கி ஐந்து நிமிடம் தளர்த்தி, இப்படி நான்கு சுற்று செய்தால் தூரத்து இதயம் காப்பாற்றப்படும் என்ற எளிய வழியும் இந்தத் தொடரைத்தான் நம்பியிருந்தது. அதை 5,401 பேரிடம் சோதித்து 2019-ல் முடிவு வந்தபோது ஓராண்டு இதய மரணத்திலும் இதயச் செயலிழப்பிலும் மாற்றம் இல்லை.

மைட்டோகாண்ட்ரியாக் கதவையே நேராகக் குறிவைத்த சைக்ளோஸ்போரின் என்ற மருந்தின் கதையும் பக்கத்தில் வைக்கத் தக்கது. 2008-ல் 58 பேரில் நம்பிக்கை, 2015-ல் 970 பேரில் ஏமாற்றம். தொடரின் கடைசிப் படியே மனிதரிடம் இப்படி நழுவினால், மேல் படியைப் பிடித்து என்ன ஆகப் போகிறது?

அதனால் ஆக்டையும் ஜிஎஸ்கே-யையும் நான் இலக்காக எடுக்கச் சொல்ல மாட்டேன். அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். எந்த மருந்தை முயன்றாலும், மறுபாய்ச்சலின் ஐந்தாவது நிமிடத்தில் தசையை உறையவைத்து ஜிஎஸ்கே முத்திரையைப் பார்த்தால் பாதுகாப்புத் தொடர் எழுந்ததா என்று ஒரு துப்புக் கிடைக்கும். இன்னொரு கஷ்டமும் இருக்கிறது: ஜிஎஸ்கே உடல் முழுக்க இருக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கும் லித்தியம் தடுப்பது இதைத்தான். நீண்ட நாள் தடுத்தால் இன்னும் எந்தெந்தக் கதவு திறக்கும் என்று யோசிக்க வேண்டியிருக்கும்.

வழியில் ஏஎம்பிகே-யையும் ஒரு வரியில் சொல்லிவிடலாம். செல்லின் பட்டினியை உணரும் கைனேஸ் அது. அது முடங்கின எலி இதயம் தடையின் பிறகு மோசமாகச் சேதமடைகிறது. ஆனால் அதைத் தூண்டும் மெட்ஃபார்மினை மாரடைப்புக்குப் பின் நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கொடுத்த 2014 ஆய்வில் இதயத்தின் பம்ப் சக்தி கூடவில்லை. நல்லவர், ஆனால் இந்த வேலைக்குத் தோது இல்லை.

கேம்கே-2: என் ஓட்டு

கேம்கே-2 கால்சியத்தை உணரும் கைனேஸ். மேலே சொன்ன கடிகாரத்தில் கால்சியம் எங்கே பொங்குகிறதோ அங்கெல்லாம் இது விழித்துக்கொள்ளும். விழித்தபின் தன் 287-வது இடத்தில் தனக்கே முத்திரை குத்திக்கொண்டு, கால்சியம் இறங்கின பிறகும் விழித்தே இருக்கும். இது போதாதென்று 2008-ல் மார்க் ஆண்டர்சன் குழு இன்னொரு பூட்டைக் கண்டுபிடித்தது: 281, 282-வது இடங்களில் அடுத்தடுத்து இருக்கும் மெத்தியோனின் என்ற இரண்டு அமினோ அமிலங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்தாலும் நொதி அணையாமல் மாட்டிக்கொள்கிறது. மறுபாய்ச்சலில் கால்சியம், தீவிர ஆக்சிஜன் இரண்டும் ஒரே நேரத்தில் வருகின்றன. இந்த ஒரு நொதிக்கு இரண்டு பொத்தான். இரண்டையும் அந்தச் சில நிமிடங்கள் அழுத்துகின்றன. கடிகாரத்தோடு இவ்வளவு பொருந்திப் போகும் வேறு கைனேஸ் எனக்குத் தெரியவில்லை.

விழித்து என்ன செய்கிறது? செல்லின் உள்கிடங்கில் கால்சியத்தை வெளிவிடும் ரையனோடின் வாயிலைத் தட்டிக் கசியவிடுகிறது. சோடியம் வாயில் நேரத்துக்கு மூடாமல் செய்கிறது. அந்தக் கசிவுகள் கால்சியத்தை மேலும் ஏற்ற, நொதி மேலும் விழிக்கிறது. திட்டமிட்ட செல் சாவின் ஒரு வகையை நடத்தும் ரிப்கே-3 என்ற இன்னொரு கைனேஸும் இதயத்தில் கேம்கே-2 வழியாகத்தான் மைட்டோகாண்ட்ரியாவின் கதவைத் திறக்கிறது என்று 2016-ல் ஒரு ஆய்வு காட்டியது. அதாவது வேறு பாதைகளும் இங்கே வந்து சேர்கின்றன.

இதற்கும் இரண்டு முகம் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. அர்ஜென்டினாவின் லா பிளாட்டாவில் அலிசியா மட்டியாசி குழு செய்த வேலையை இந்த நொதியை எடுப்பவர்கள் முதலில் வாசிக்க வேண்டும். தடை குறுகியதாக இருந்து, செல் சாகாமல் இதயம் மலைத்து மட்டும் நிற்கும்போது, கேம்கே-2 ஃபாஸ்ஃபோலாம்பன் என்ற புரதத்தில் குத்தும் முத்திரை கால்சியத்தைக் கிடங்குக்குள் திரும்ப இழுத்து மீட்சிக்கு உதவுகிறது. தடை நீண்டு செல் சாகும் நிலையில் அதே கேம்கே-2 கொல்கிறது. ஆகவே பதினைந்து இருபது நிமிடத் தடையில் தடுப்பானை ஊற்றிப் பார்த்துவிட்டு "பலன் இல்லை, கேடுதான்" என்று எழுதுவதும், 45 நிமிடத் தடையில் பார்த்து "அற்புதம்" என்று எழுதுவதும் இரண்டும் உண்மையாக இருக்கலாம். தடையின் நீளத்தைத் தேர்ந்தெடுக்கும்போதே பாதிப் பதிலைத் தேர்ந்தெடுத்துவிடுகிறோம்.

மருந்துப் பக்கம் பலவீனம்தான். எல்லோரும் பயன்படுத்தும் கேஎன்-93 சுத்தமான தடுப்பான் இல்லை. சில பொட்டாசிய வாயில்களையும் தொடும். அதன் ஜோடியான, கேம்கே-2-ஐத் தடுக்காத கேஎன்-92-ஐப் பக்கத்தில் வைக்காத கட்டுரையை நான் நம்புவதில்லை. அடுத்தது மூளை. நினைவு உருவாவதில் கேம்கே-2-இன் ஆல்பா, பீட்டா வகைகள் மையமானவை. இதயத்தில் இருப்பது பெரும்பாலும் கேம்கே-2-இன் டெல்டா வகை. டெல்டாவை மட்டும் தொடும் மருந்து வேண்டும், இல்லாவிட்டால் மூளைக்குள் நுழையாத மருந்தாவது வேண்டும்.

இதையெல்லாம் சுற்றிக்கொண்டு போகிற ஒரு வழியை 2023-ல் எரிக் ஓல்சன் குழு காட்டியது. கிரிஸ்பர் என்ற மரபணுத் திருத்தக் கருவியால் மரபணுவின் எழுத்துகளைத் திருத்தி, அந்த இரண்டு மெத்தியோனின்களையும் வாலின் என்ற வேறு அமினோ அமிலமாக மாற்றினார்கள். நொதி இருக்கிறது, கால்சியத்துக்கு விழிக்கிறது, ஆனால் ஆக்சிஜனேற்றத்தில் மாட்டிக்கொள்வதில்லை. எலியில் ரத்தத்தை நிறுத்தித் திருப்பின பிறகு திருத்தியைச் செலுத்தியும் இதயத்தின் வேலைத்திறன் மீண்டது. இதில் என்னை யோசிக்க வைத்தது வேறு. மரபணுத் திருத்தம் சில நிமிடங்களில் முடிகிற வேலை இல்லை, நாட்கள் ஆகும். மறுபாய்ச்சலின் முதல் பத்து நிமிடம் எப்போதோ போயிருக்கும். அப்படியும் பலன் தெரிந்தது என்றால், கேம்கே-2 அந்தச் சில நிமிடங்களோடு நிறுத்தாமல் பின்வரும் வாரங்களிலும் இதயத்தை அரிக்கிறது என்றே நான் வாசிக்கிறேன். மருத்துவருக்கு இரண்டு ஜன்னல் கிடைக்கிறது. பிகேசி டெல்டாவுக்கு ஒன்றுதான்.

யார் எதை எடுக்கலாம்

மூன்று ஆண்டில் ஆய்வேட்டை முடிக்க வேண்டும், கையில் இருப்பது தொங்கவிட்ட இதயக் கருவி மட்டும் என்றால் கேம்கே-2 டெல்டா. ரத்த அணுக்கள் இல்லாவிட்டாலும் அதன் கதையில் பெரும்பகுதி தசை செல்லுக்குள்ளேயே நடக்கிறது. இதய மாற்று அறுவைக்காக உறுப்பைப் பாதுகாக்கும் குழுவோடு வேலை செய்கிறவர் என்றால் என் பதில் மாறும்: பிகேசி எப்சிலான். அங்கே தடை எப்போது தொடங்கும் என்று கடிகாரத்தில் பார்த்துச் சொல்ல முடியும், அந்த வசதியை வீணாக்கக் கூடாது. உயிருள்ள விலங்கில் வாரக்கணக்கில் இதயத்தின் வடிவ மாற்றத்தைத் தொடரும் வசதியும், டேப்-1 ஒட்டுதலைக் குலைக்கும் மூலக்கூறும் இருந்தால் மட்டும் பி38. எஸ்பி203580 புட்டி மட்டும் இருந்தால் வேண்டாம்.

எதை எடுத்தாலும் ஆய்வு விலங்கு பற்றி ஒரு வார்த்தை. நாம் பயன்படுத்துவது இளம், ஆண், நோயற்ற எலி. மாரடைப்போடு வருபவர் வயதானவர், பெரும்பாலும் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ உள்ளவர், வரும் வழியிலேயே தட்டணுத் தடுப்பு மாத்திரை விழுங்கினவர். டிகாக்ரெலர் போன்ற அந்த மாத்திரைகளே விலங்குகளில் ப்ரீகண்டிஷனிங் மாதிரியான பாதுகாப்பைத் தருகின்றன. ஏற்கெனவே குடை பிடித்திருப்பவருக்கு இன்னொரு குடை கொடுத்தால் நனைவது எவ்வளவு குறையும்? மேலே சொன்ன பெரிய ஆய்வுகள் பல ஏன் பூஜ்யம் காட்டின என்பதற்கு என் மனத்தில் முதலில் வரும் காரணம் இதுதான். ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவுக்கும் அந்த மாத்திரையைக் கொடுத்துவிட்டு, அதற்கு மேலே நம் தடுப்பான் எவ்வளவு சேர்க்கிறது என்று பாருங்கள். எண் சிறியதாக வரும். அது நேர்மையான எண்.

நோயாளியின் குடும்பத்தார் யாராவது இதை வாசித்தால்: இந்த நான்கில் எதுவும் இன்று மாரடைப்புக்கு வழக்கமான சிகிச்சை இல்லை. அடைப்பைச் சீக்கிரம் திறப்பதுதான் சிகிச்சை. தசை உட்பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மணிக்கணக்கில் அலை போல் சாகிறது. நெஞ்சு வலித்தால் உடனே கிளம்பிவிட வேண்டும்.

முதல் பரிசோதனையை மூன்று வரிசையாகப் பிரிக்கச் சொல்வேன். ஒரு வரிசைக்குத் தடுப்பான் முடிச்சுப் போடுவதற்கு முன். இரண்டாவது வரிசைக்கு முடிச்சை அவிழ்ப்பதற்கு ஒரு நிமிடம் முன். மூன்றாவதற்கு அவிழ்த்துப் பத்து நிமிடம் கழித்து. வில்லைகளை யார் அளக்கிறாரோ அவருக்கு எது எந்த வரிசை என்று தெரியக் கூடாது. முதல் வரிசையில் மட்டும் வெள்ளை குறைந்திருந்தால் அந்த நொதியை அறுவைக் குழுவிடம் கொடுத்துவிட்டு வேறொன்றைத் தேடலாம். இரண்டாவதிலும் குறைந்திருந்தால் நான்கு ஆண்டுக்கு வேலை இருக்கிறது. மூன்றாவதிலும் குறைந்திருந்தால் முதலில் கரைசலின் சூட்டைச் சரிபாருங்கள், அப்புறம் இன்னொரு எட்டு எலிகளில் திரும்பச் செய்யுங்கள்.